தம்பதி அறை, கயிற்றுக்கு உள்பக்கம்

பழைய ஏழை விடுதி,
ஹார்ன்வெல்.
புதன்கிழமை, மத்தியானம்.

அன்புள்ள ரோவினா,

நீயும் கிரெக்கும் டோபியும் ஹோபார்ட்டில் சுகமாக இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இங்கே அப்பாவும் நானும் சுகம். ஒரே அறையில் சுகம். இந்த மூன்று வார்த்தையைச் சொல்லத்தான் கடிதம், மீதியெல்லாம் அது எப்படி என்ற விவரம். மேலே உள்ள முகவரியைப் பார்த்துப் பயப்படாதே. எனக்குப் புத்தி பிசகிவிடவில்லை. அப்படித்தான் நான் நினைக்கிறேன், அரசாங்கத் தாளில் வேறு மாதிரி இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன். டோபிக்குப் பல்லில் கம்பி போட்டாயிற்றா, மிட்டாய் கொடுக்காதே. உன் முழங்காலுக்கு நீ ஓடுவதை நிறுத்து, வயதானால் என்ன ஆகும் என்று என் இடுப்பைப் பார்த்துத் தெரிந்துகொள்.

நவம்பரில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது நீ வந்து பார்த்துவிட்டுப் போனாய். அதற்குப் பிறகு நடந்ததைப் போனில் பாதிதான் சொன்னேன். பிப்ரவரியில் அவரைக் குளியலறையிலிருந்து தூக்கும்போது நானும் அவரும் சேர்ந்து விழுந்தோம், கதவுக்கும் தொட்டிக்கும் நடுவே நாற்பது நிமிஷம் கிடந்தோம், பக்கத்து வீட்டு டோரீன் வந்து கதவைத் தள்ளும்வரை. அப்பாவுக்கு இப்போது மூன்று வார்த்தைதான். இல்ல. டீ. மாவிஸ். நாற்பது நிமிஷமும் மூன்றாவது வார்த்தையைச் சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த வீட்டு மாடிப்படியும் என் இடுப்பும் அவருக்கு ஒத்துவராது என்பது எனக்கே தெரியும். நம் தெருமுனையில் இருந்த முதியோர் இல்லத்தை இரண்டு வருஷத்துக்கு முன்னால் மூடி விற்றுவிட்டார்கள், இப்போது அங்கே டெர்விக் கோர்ட் என்று பித்தளைப் பெயர்ப்பலகையும் எட்டு வீடுகளும். அதனால் அவருக்கு டன்பியில் இடம். நாற்பது மைல். இரண்டு பஸ் மாறவேண்டும், ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸே இல்லை. நானும் கூடவே போகிறேன் என்றேன். அதற்கு மதிப்பெண் உண்டாம். எத்தனை தடவை விழுகிறாய், அடுப்பை அணைக்க மறக்கிறாயா, இன்று என்ன கிழமை. பதினான்கு வாங்கினால்தான் இல்லத்தில் இடம். எனக்கு ஒன்பது. முப்பத்தொரு வருஷம் நூலகத்தில் இருந்தவளுக்குப் பரீட்சையில் தோற்பது எப்படி என்று தெரியவில்லை.

மார்ச் பதினெட்டாம் தேதி நகரசபையின் முதியோர் நலக் கமிட்டிக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். தலைவர் ரூபர்ட் பாஸ்காம்ப். நல்ல மனுஷன்தானே, பேசிப் பாருங்கள் அம்மா என்று நீ எழுதியிருந்தாய், பேசிப் பார்த்தேன். நல்ல மனுஷன்தான். முகத்தில் எண்ணெய் மாதிரி வருத்தம் பூசியிருந்தது. "ரெண்டு பேருக்கும் தேவை வேற வேற, மாவிஸ். அப்ப இடமும் வேற வேறதானே? இதுல யாருக்கும் கோபம் வரக் கூடாது" என்றார். கல்யாணமாகி ஐம்பத்து மூன்று வருஷம் ஆகிறது என்றேன். அதை மிகவும் ரசித்தார். ஐம்பத்து மூணா, அடேயப்பா என்று பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பிச் சொன்னார். பிறகு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

இந்த ஊரில் புத்தகம் என்றால் ஒன்றுதான், எழுத்தாளர் என்றால் ஆம்புரோஸ் டெர்விக்தான், உனக்குத் தெரிந்தது. ஆனாலும் டோபிக்கு ஒருநாள் சொல்வாய், ஊர் சொல்கிற மாதிரி சொல்லிவிடாதே, அதனால் எழுதுகிறேன். மெழுகுவர்த்திக்காரன் மகன். பஞ்சத்தில் அவருடைய அப்பா அம்மா இரண்டு பேரும் இந்த விடுதிக்குள் வந்தார்கள். ஆண்களுக்கு இடது கதவு, பெண்களுக்கு வலது கதவு. அப்பா இடது பக்கம் செத்தார். அம்மாவுக்கு எட்டு நாள் கழித்துத் தெரிந்தது, துவைக்க வந்த மூட்டையில் அவர் சட்டை இருந்தது. மகன் அதை எழுதினான். பதினோராம் அத்தியாயம், ஏழு பக்கம், ஒரு அடைமொழி கிடையாது. அதைப் படித்துவிட்டு ஊர் ஜனம் இந்த முற்றத்தில் வந்து நின்று கதவைத் திற என்று கத்தியது, மூன்று நாள் கத்தியது. விடுதி நிர்வாகம் பயந்து, அறுபது தாண்டிய தம்பதிகளுக்கென்று கீழ்த்தளத்தில் ஓர் அறை ஒதுக்கியது. அதுவரைக்கும் உண்மை. நான் எல்லாக் குழந்தைக்கும் அந்தப் புத்தகத்தைக் கையில் கொடுத்தவள், இன்றைக்கும் கொடுப்பேன். பிறகு அவருக்குத் தாடி வந்தது. மேடை வந்தது. கையெழுத்துப் பிரதியை எல்லாம் ராவோடு ராவாகப் படியெடுத்துக் கொடுத்த மனைவி ஹாரியட், கொஞ்சம் குண்டாகி, கொஞ்சம் காது கேட்காமலானதும், அவர் கொத்தனைக் கூப்பிட்டு வீட்டுக்கு நடுவே சுவர் வைத்தார். அவளுக்குத் தனியாக ஒரு வாசல் வெட்டினார். இரண்டு கதவைப் பற்றி எழுதிப் பேர் வாங்கினவர். அவளுக்குப் புத்தி நிதானம் இல்லை என்று ஊரில் சொல்லிவைத்தார். பதினாறு வருஷம் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தாள். இன்று அவருடைய வாசலில் டெர்விக் சங்கத்தின் நுழைவுச்சீட்டு மேசை. அவளுடைய வாசல் கழிப்பறைக்குப் போகும் வழி.

ஏப்ரலில் ஒரே தபாலில் இரண்டு கடிதம். முதலாவது நகரசபை: மே பதினேழு திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு வண்டி வரும், உங்கள் கணவர் நார்மனைத் தயாராக வைக்கவும். இரண்டாவது டெர்விக் சங்கம்: மே பதினைந்து, எழுத்தாளரின் பிறந்தநாள் விழாவில் இந்த வருஷத்துப் 'பிரியும் தம்பதி'யாக உங்கள் இருவரையும் ஏகமனதாகத் தேர்ந்தெடுத்திருக்கிறோம், வாழ்த்துகள். இரண்டிலும் ஒரே கையெழுத்து, பாஸ்காம்புடையது. கீழே ஒரே மாதிரி அந்த வளையம். நீ கிண்டல் என்று நினைப்பாய். கிண்டல் என்றால் எனக்கு மரியாதை வந்திருக்கும். அந்த மனுஷன் கவனிக்கவே இல்லை. அவ்வளவுதான் விஷயம். ஒரு மேசையில் எங்களைப் பிரித்தார், அடுத்த மேசைக்குப் போய், பிரிவதற்குப் பொருத்தமான முகம் எது என்று தேடி, எங்களையே கண்டுபிடித்தார். டோரீன் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஏ மாவிஸ், இவன் என்ன வலது கையால கையெழுத்துப் போடறது இடது கைக்குத் தெரியாத ஜாதியா? அடுப்புல போடு ரெண்டையும்" என்றாள். நான் நாடகத்துக்குச் சம்மதம் என்று எழுதிப் போட்டேன்.

வழக்கம் உனக்கு ஞாபகம் இருக்கும், சின்னதில் என் தோளில் உட்கார்ந்து கத்தியிருக்கிறாய். தம்பதி வருவார்கள், விடுதித் தலைவன் பிரிப்பான், கதவைச் சாத்துவான், கூட்டம் தொப்பியைக் கழற்றி ஒரு நிமிஷம் நிற்கும், பிறகு எல்லோரும் கதவைத் திற என்று கத்துவார்கள், தலைவன் திறப்பான், எல்லோருக்கும் பன்றிக்கறி அடையும் பீரும். ஊரின் மனசாட்சிக்கு வருஷம் ஒருமுறை தலைக்குக் குளியல். விடுதித் தலைவன் வேஷம் பாஸ்காம்புக்குத்தான், பதினோரு வருஷமாக, நீள அங்கி, சாவிக்கொத்து. ஒத்திகையில், கமிட்டி முன்னால் வந்தவள் நான்தான் என்று அவருக்கு அடையாளமே தெரியவில்லை, பெயரைச் சங்கத்துத் தாளில் பார்த்துக் கூப்பிட்டார். ஆடைகள் பார்க்கும் பெண் அப்பாவைச் சுற்றி வந்து, "அந்தக் கை நடுக்கம் இருக்கு பாருங்க, அதை அப்படியே வச்சுக்கங்க. ரொம்ப இயற்கையா இருக்கு" என்றாள். சக்கர நாற்காலி அந்தக் காலத்தது இல்லை என்று அதன்மேல் சாக்குத்துணி போர்த்தினார்கள். பாஸ்காம்ப் என் கையைத் தட்டி, "கொஞ்சம் அழணும் மாவிஸ். பின்வரிசைக்குத் தெரியணும் இல்லையா?" என்றார். எனக்கு அழுகை அவ்வளவு சீக்கிரம் வராதுங்க, சனிக்கிழமைக்குள்ள வரவழைக்கப் பாக்கறேன் என்றேன். சிரித்தார். சரியான ஆளைப் பிடித்திருக்கிறோம் என்று ஆடைகள் பார்க்கும் பெண்ணிடம் சொன்னார்.

சனிக்கிழமை தூறல். இரண்டு சுற்றுலாப் பேருந்து நிறைய ஆட்கள், குடை, கேமரா. ஒரு மணிக்கு நான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு முற்றத்துக்கு வந்தேன். பாஸ்காம்ப் சாவியை ஆட்டி அவருடைய வரியைச் சொன்னார்: "ஆம்பளைங்க இந்தப் பக்கம், பொம்பளைங்க அந்தப் பக்கம். விதின்னா விதிதான்." நான் அப்பாவின் கையை முத்தமிட்டு விலக வேண்டும், ஒரு காவலாள் நாற்காலியை இடது கதவுக்குத் தள்ளுவான். நான் கைப்பிடியை விடவில்லை. மார்ச் பதினெட்டாம் தேதியும் நீங்க இதைத்தான் சொன்னீங்க, திரு. பாஸ்காம்ப், அன்னிக்கு அங்கி போடல, அவ்வளவுதான் வித்தியாசம் என்றேன். நாளை மறுநாள் ஒன்பது மணிக்கு இவரைக் கூட்டிக்கொண்டு போக வண்டி வருகிறது, நீங்கள் கையெழுத்துப் போட்டது, நாடகம் இல்லை, நிஜ வண்டி, நாற்பது மைல் என்றேன். குரல் நடுங்கவில்லை, நூலகத்தில் பேசிப் பேசி மெதுவாகத்தான் வரும், ஆனால் முற்றம் அமைதியாக இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. பாஸ்காம்பின் முகத்தில் அப்போதுதான் என்னை அடையாளம் தெரிந்தது. மெல்ல, ஒரு கறை ஊறுகிற மாதிரி. அப்பா தலையைத் தூக்கி அவரைப் பார்த்து, இல்ல என்றார். பிறகு சத்தமாக, இல்ல, இல்ல.

கை தட்டினார்கள், ரோவினா.

எழுந்து நின்று தட்டினார்கள். முன்வரிசையில் மழைக்கோட்டு போட்ட ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்துப் பெண்ணிடம், "எவ்ளோ தத்ரூபமா பண்றாங்க, அந்தக் கிழவரைப் பாருங்க" என்றாள். இந்தக் காலத்துக்கு ஏற்ற மாதிரி மாற்றியிருக்கிறார்கள் என்று இன்னொருத்தர் விளக்கம் சொன்னார். அப்புறம் வழக்கப்படி எல்லோரும் கத்தினார்கள், கதவைத் திற. நூற்றெழுபது வருஷமாகக் கத்துகிற கூட்டம். எந்தக் கதவு என்று ஒருத்தரும் கேட்கவில்லை. பாஸ்காம்புக்கு வேறு வழியில்லை, சாவியைப் போட்டு இரண்டு கதவையும் திறந்தார். அப்பாவை வலது கதவு வழியாக, பெண்கள் வாசல் வழியாக, உள்ளே தள்ளிக்கொண்டு போனேன். விடுதி இப்போது அருங்காட்சியகம்தானே, தாழ்வாரத்தின் கடைசியில் தம்பதி அறை. சிவப்புக் கயிறு. கயிற்றைக் கழற்றினேன். கட்டிலில் இரண்டு மெழுகுப் பொம்மை படுத்திருந்தது, கிழவனும் கிழவியும், கிழவிக்கு ஒரு காது இல்லை. இரண்டையும் தாழ்வாரத்தில் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, அப்பாவைக் கட்டிலில் சாய்த்து, கயிற்றை மறுபடி மாட்டினேன். திட்டம் ஒன்றும் இல்லை. வெளியே போனால் திங்கட்கிழமை வந்துவிடும் என்று மட்டும் தெரிந்தது.

இன்று ஐந்தாம் நாள். டோரீன் சூப்பும் துணியும் கொண்டுவருகிறாள், வந்து நின்று, "அடியே, என் வீட்டுக்காரனோட ஒரு அறையில இருக்க நான் கட்டிலைத் திருட மாட்டேன்டி. காசு கூடக் கொடுத்து வேற அறை கேப்பேன்" என்கிறாள். பள்ளிக்கூடத்தில் நீ கட்டுரை எழுதி வாங்கின டெர்விக் தலைச்சிலையை நம் வீட்டிலிருந்து கொண்டுவரச் சொன்னேன், கதவு தானாகச் சாத்திக்கொள்கிறது, அதற்கு முட்டுக் கொடுத்திருக்கிறேன். மனிதர் இந்த அறைக்குச் செய்த இரண்டாவது உபகாரம். மருந்து கொடுக்க வரும் நர்ஸ் இங்கேயே வந்துவிட்டாள், சுற்றிப் பார்த்தாள், "படி இல்ல, கதவு அகலம், பிடிச்சுக்கக் கம்பி. உங்க வீட்டைவிட இது எவ்ளவோ மேல்" என்றாள். விழா வாரம் என்பதால் சங்கத்தாரால் அருங்காட்சியகத்தை மூடவும் முடியவில்லை, எங்கள் இரண்டு பேரையும் தூக்கி வெளியே போடவும் முடியவில்லை. பார்வையாளர்கள் வருகிறார்கள், கயிற்றுக்கு வெளியே நின்று எங்களைப் பார்க்கிறார்கள், சிலர் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள், தேவாலயத்தில் மாதிரி. ஒருத்தர் நாங்கள் சாப்பிடுவதைப் படம் எடுத்துக்கொண்டு அவங்க அசையறாங்க என்றார். பேசலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. திங்கட்கிழமை அந்த வண்டி ஓட்டுநர் வீட்டுக்குப் போய்விட்டு இங்கே வந்தார், கனமான ஆள், கயிற்றுக்கு முன்னால் நின்று, பொருட்களைத் தொடாதீர்கள் என்ற அட்டையை முழுக்கப் படித்தார். "தொடக் கூடாதுன்னு போட்டிருக்கே, நான் என்ன பண்றது?" என்றார். ஒரு கோப்பை டீ குடித்துவிட்டுப் போய்விட்டார். இந்த வாரம் நான் பார்த்த ஒரே வாசகர் அவர்தான்.

பாஸ்காம்ப் செவ்வாய்க்கிழமை வந்தார், அங்கி இல்லாமல். எல்லோரும் ரசித்தோம், போதும் மாவிஸ் என்றார். பிறகு கோபம். "இது காட்சிப் பொருள் வைக்கிற இடம்ங்க!" நாங்களும் அதுதானே, நீங்கதானே தேர்ந்தெடுத்தீங்க என்றேன். சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் அந்தக் காலத்து விதி இருக்கிறது, இந்தக் கதவில் வந்து கேட்கும் அறுபது தாண்டிய எந்தத் தம்பதியையும் பிரிக்கக் கூடாது என்று. அதை வாசித்துக் காட்டச் சொன்னேன். அவர் அதன் பக்கம் திரும்பவே இல்லை, "அது செத்துப்போன விதி" என்றார். அப்படியானால் வருஷாவருஷம் எதற்காகப் பீர் குடிக்கிறீர்கள் என்றேன். அவருக்குக் கண் கலங்கியது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்த மனுஷனுக்கு நிஜமாகவே வருத்தம், பதினோராம் அத்தியாயத்தை மனப்பாடமாகச் சொல்வார், ஒவ்வொரு தடவையும் அழுவார். அழுதுவிட்டுப் போய்க் கையெழுத்துப் போடுவார். டெர்விக் இந்த ஊருக்கு அழக் கற்றுக்கொடுத்தார். அழுதால் வேலை முடிந்தது என்று ஊர் தானாகக் கற்றுக்கொண்டது. சில சமயம் அவரிடமிருந்தேதான் கற்றுக்கொண்டதோ என்றும் தோன்றுகிறது, அந்தச் சுவரை நினைத்தால்.

இன்று காலை டெனிஸ் வந்தாள். மதிப்பெண் போடும் பெண், எப்போதும் பாதி சாப்பிட்ட சாண்ட்விச்சோடு இருப்பாள். கயிற்றுக்கு வெளியே நிற்காமல் உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். டன்பியில் இருவர் அறை ஒன்று காலியாக இருக்கிறதாம். மேலே போய்ச் சண்டை போட்டுப் பார்த்தாளாம், விதியை ஒருத்தருக்காக மாற்ற மாட்டார்கள். "ஆனா மறு மதிப்பீடு பண்ண எனக்கு உரிமை இருக்கு" என்று தாளை எடுத்தாள். "நாலு ராத்திரி ஒரே துணியில அருங்காட்சியகத்துல தூங்கியிருக்கீங்க. மெழுகுப் பொம்மையை நாற்காலில உக்கார வச்சுப் போர்வை போத்தியிருக்கீங்க. முடிவெடுக்கும் திறன் குறைவுன்னு ஒரு கட்டம் இருக்குங்க. அதுக்கு அஞ்சு மார்க்." ஒன்பதும் ஐந்தும் பதினான்கு. டெனிஸ் என் முகத்தைப் பார்க்காமல், "இதுக்கு நீங்களும் ஒப்புக்கிட்டுக் கையெழுத்துப் போடணும். ஒரு தடவை போட்டுட்டா அது உங்க பேர்ல நிக்கும். ஓட்டு, வீடு, எல்லாத்துக்கும் உங்க சார்பா முடிவெடுக்க யாரோ ஒரு வக்கீல் வருவான். யோசிச்சுக்குங்க" என்றாள்.

யோசித்தேன். ஜன்னலுக்கு வெளியே பெண்கள் முற்றம் தெரிகிறது, துவைக்கும் கல் இருக்கிறது. முப்பத்தொரு வருஷம் இந்த ஊருக்குப் புத்தகம் எடுத்துக் கொடுத்தவள், நிதானம் தவறியவள் என்று நானே எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதி வைக்கப்பட்ட ஒரு நல்ல விதி சுவரில் தொங்குகிறது, அதைக் காட்டிக் கேட்டால் கிடையாது. பைத்தியம் என்று ஒப்புக்கொண்டால் உண்டு. ஹாரியட்டை நினைத்தேன். அவளைச் சுவருக்கு அந்தப் பக்கம் தள்ள அந்த மனிதருக்கு உதவிய அதே வார்த்தை, இன்றைக்கு என்னை உள்ளே விடுகிறது. அப்பா தன் இடது கையை என் முழங்கை மேல் வைத்து மாவிஸ் என்றார். கேள்வி மாதிரி. போட்டுவிட்டேன். டெனிஸின் பேனா எழுதவில்லை, என் பேனாவால்தான் போட்டேன். நாளை பாஸ்காம்ப் அதில் எதிர்க் கையெழுத்துப் போட வேண்டும், போடுவார், அவர் எதைத்தான் படித்துவிட்டுப் போட்டார். வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு வண்டி, இரண்டு பேருக்கும். அதுவரை இந்தக் கட்டிலை விட்டு இறங்க மாட்டேன், அந்தத் தாள் என் கையில் வரும்வரை கயிறு மாட்டித்தான் இருக்கும்.

நீ டிக்கெட் எடுத்து ஓடி வராதே. வீட்டுச் சாவி டோரீனிடம். உன் தலைச்சிலை வேண்டுமானால் எழுது, இல்லையென்றால் இங்கேயே முட்டுக் கொடுத்தபடி இருக்கட்டும், அடுத்து வருகிற தம்பதிக்கு உதவும். பொம்மைகளைப் போகும்போது கட்டிலில் திரும்பப் படுக்க வைத்துவிட்டுப் போவேன். கிழவியின் காதுக்குக் களிமண் கேட்டிருக்கிறேன். டோபிக்கு அந்தப் புத்தகத்தைக் கொடு, பதினோராம் அத்தியாயத்தை அவனே படிக்கட்டும், நீ பக்கத்தில் உட்கார்ந்து அழுது காட்டாதே. படித்து முடித்ததும், சரி இப்ப என்ன பண்ணப் போறே என்று மட்டும் கேள். நீங்கள் மூன்று பேரும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். கிரெக்கோடு சண்டை வந்தால் ஒரே அறையில் இருந்து சண்டை போடு.

புத்திமதி சொல்ல எனக்கு இனிமேல் சட்டப்படி தகுதி இல்லை, அதனால் இது ஒன்றே ஒன்று. டன்பிக்குக் கடிதம் எழுதும்போது ஒரே உறை. உறைமேல் இரண்டு பெயர், அப்பா பெயரும் என் பெயரும், ஒரே வரியில். தனித்தனியாக வந்தால் பிரிக்காமல் திருப்பி அனுப்பிவிடுவேன், அந்த அளவுக்கு நிதானம் பாக்கி இருக்கிறது.

என்றும் உன் நன்மை வேண்டும்,
அம்மா

கீழே இருக்கும் கோடு அப்பா போட்டது. இடது கை. என்ன எழுதினீங்க என்று கேட்டேன், டீ என்றார்.